எல்லாம் உன்னாலதான்

என் மகளுக்குப் பதினான்கு வயது நடந்தபோது, எங்கள் வீட்டில் எது தவறினாலும் அதற்குக் காரணம் நான்தான் என்று முடிவாகிவிட்டிருந்தது. காலில் போடும் பள்ளிக்கூடச் சப்பாத்து ஈரமாக இருந்தால், நான் அதைச் சனிக்கிழமையே கழுவிக் காயவைக்காததால். பஸ் போய்விட்டால், நான் சடை பின்ன நேரம் எடுத்துக்கொண்டதால். ஆங்கிலத்தில் புள்ளி குறைந்தால், அவளைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் சேர்த்ததால். கூட்டாளிகள் யாரும் பேசவில்லை என்றால், அதே தோட்டத்திலிருந்து அவளைப் பிடுங்கி ஈப்போவுக்குக் கொண்டுவந்ததால்.

"தோட்டத்துப் பள்ளிக்கூடம் சரியில்லங்கிற. தோட்டத்த விட்டு வந்ததும் சரியில்லங்கிற. நான் என்னதான் செஞ்சிருக்கணும்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பேச்ச மாத்தாத. எல்லாம் உன்னாலதான்."

எழுபதுகளின் நடுவில் நாங்கள் ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டத்தை விட்டு வந்தோம். தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றார்கள். ரப்பர் பால் மரங்களைச் சாய்த்து எண்ணெய்க்குச் செம்பனை நட்டார்கள். கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளைக் காலிசெய்யச் சொன்னார்கள். ஈப்போவின் ஓரத்தில் குனோங் ராபாட்டில், சுண்ணாம்பு மலைக்குக் கீழே, ஒரு பலகை வீடு வாடகைக்குக் கிடைத்தது. என் கணவருக்குக் கல்லுடைக்கும் இடத்தில் லோரி ஓட்டும் வேலை. எனக்கு ஒரு சீனர் நடத்திய பிஸ்கட் ஃபேக்டரியில் டின்னில் அடுக்கும் வேலை. மலையில் வெடி வைக்கும் நாட்களில் கொடியில் காயும் துணியிலெல்லாம் வெள்ளைத் தூசி படியும். அவளுடைய நீலப் பள்ளிச் சீருடையிலும் படியும். அதற்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

அப்பாவை அவள் ஒரு சொல் சொன்னதில்லை. "அப்பா பாவம்" என்பாள். அவர் வீட்டுக்கு வரும்போது தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பாள். எங்கள் இருவருக்கும் வாக்குவாதம் ஏறும்போது அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். திரும்பி வந்ததும், "சின்னப் பிள்ள, விடேன்" என்பார். அவளிடம் எதுவும் சொல்லமாட்டார்.

ஆரம்பத்தில் நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். "சரிம்மா, என் தப்புதான், இப்பச் சாப்பிடு." சண்டை அதோடு நிற்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. நான் ஒப்புக்கொள்ள ஒப்புக்கொள்ள அவள் கோபம் கூடியது. நான் பொய்க்கு ஒப்புக்கொள்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இன்னொன்றும் இருந்தது. அவளிடம் நான் மறைத்து வைத்திருந்த ஒரு காரியம் உண்டு. அந்த உறுத்தலில்தான் மற்ற எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன் என்பது எனக்கே பிறகுதான் புரிந்தது.

பன்னிரண்டு வயதில் எல்லாப் பிள்ளைகளும் அடையாளக் கார்டுக்கு மனுச் செய்தார்கள். அவள் வகுப்பில் ஒவ்வொருத்தியாக நீல ஐசி கார்டை எடுத்துவந்து காட்டினாள். என் மகளுக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை. தோட்டத்துப் பள்ளியில் சேர்த்தபோது தோட்டத்து ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கிக் கொடுத்த ஒரு கடிதம்தான் இருந்தது. பத்திரம் எங்கே என்று அவள் கேட்டாள்.

"லயத்துல இருந்தப்ப கரையான் தின்னுருச்சு" என்றேன்.

"அப்பன்னா வேற எடுக்கலாம்லா. டீச்சர் சொன்னாங்க, நம்பர் இருந்தா போதுமாம்."

"பாக்கலாம்."

பார்க்கலாம் பார்க்கலாம் என்றே மூன்று வருடங்களுக்கு மேல் ஓட்டினேன். என் கணவரும் கேட்டார். "பதிஞ்சாச்சுன்னு நீதானே சொன்ன? ஒரு நாள் லீவு போட்டுப் போயி கேட்டுட்டு வாயேன்." ஃபேக்டரியில் லீவு தரமாட்டார்கள் என்றேன். தரமாட்டார்கள்தான். ஆனால் நான் கேட்டும் பார்க்கவில்லை.

இடைநிலைப் பள்ளியில் அவளுக்கு மூன்றாம் படிவத் தேர்வு வருடம் வந்தது. தேர்வுக்குப் பெயர் கொடுக்க ஐசி எண் வேண்டும் என்று பள்ளியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அன்று மத்தியானம் நல்ல மழை. நனைந்து வந்து, புத்தகப் பையை நடு வீட்டில் போட்டாள். நான் அடுப்படியில் சோறு வடித்துக்கொண்டிருந்தேன்.

"கிளாஸ்ல என்னை மட்டும் எழுப்பி நிக்க வச்சாங்க. உனக்குத் தெரியுமா? எல்லாரும் பாத்தாங்க. நீ இந்த நாட்டுக்காரிதானான்னு ஒருத்தி கேட்டா."

"ஈரத்தத் துடைச்சுக்கிட்டு வா."

"எந்தத் தாயாவது பெத்த பிள்ளைக்கு ஒரு கடுதாசி வச்சிருக்கமாட்டாளா? உனக்கு என்னதான் தெரியும்? என்னை ஏன் பெத்த?"

கையில் இருந்த அகப்பையால் அடித்துவிட்டேன். தோளில் பட்டது. சுடுசோறு சிதறியது. அவள் அழவில்லை. தோளில் ஒட்டியிருந்த பருக்கையைத் தட்டிவிட்டாள்.

"நீ அடிச்சதுக்கும் என் தப்புதான் காரணம்னு சொல்லு."

"ஆமா, உன் தப்புதான்" என்றேன். "நீ பேசினதாலதான் அடிச்சேன்."

சொன்ன பிறகுதான் அது அவள் பேசுகிற பேச்சு என்பது எனக்கு உறைத்தது. நான் செய்ததற்கு இன்னொருத்தி காரணம். நான் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டேன். அவள் அறைக்குள் போய் ஈர உடுப்போடு படுத்துக்கொண்டாள். அன்று யாரும் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் ஃபேக்டரி மேஸ்திரியிடம் ஒரு நாள் லீவு கேட்டேன். கொடுத்துவிட்டார்.

நானும் அவளும் மட்டும் ஈப்போவில் இருந்த பதிவு அலுவலகத்துக்குப் போனோம். கணவர் வருகிறேன் என்றார். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பஸ்ஸில் அவள் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இடம் இருந்தது. அலுவலகத்தில் நீளப் பெஞ்சு முழுக்க ஆட்கள். எங்கள் முறை வரும்வரை அவள் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்புகளைப் படிப்பது போல நின்றுகொண்டே இருந்தாள்.

கவுண்டரில் நடுத்தர வயது மலாய்க்கார அம்மா ஒருவர் இருந்தார். ஆஸ்பத்திரிக் கடிதத்தைப் பார்த்தார். பெரிய புத்தகம் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லித் தேடினார். இல்லை. மற்றொரு புத்தகம். அதிலும் இல்லை.

"இந்தப் பிறப்பு பதியவே இல்லை" என்றார் மலாயில். "ஆச்சி, கெனாப்பா தா டாஃப்தார்?" ஏன் பதியவில்லை என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

என் மகள் மெதுவாக என் பக்கம் திரும்பினாள். கரையான் கதை அந்த நிமிடத்தில் முடிந்துபோனது. அவள் முகத்தில் கோபம்கூட இல்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது.

நான் பதில் சொல்வதற்குள் அவளே மலாயில் சொன்னாள். பள்ளிக்கூட மலாய், சுத்தமாக இருந்தது. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, தோட்டத்தில் பாலுக்கு மரம் வெட்டியவர், சட்டம் தெரியாது, அதனால் விட்டுப்போயிற்று என்றாள். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. எனக்காகச் சொன்னாளா, இப்படி ஒரு தாய்க்குப் பிள்ளையாக அங்கே நிற்கும் வெட்கத்தில் சொன்னாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த அம்மா தலையசைத்தார். இப்படி வருகிறவர்கள் நிறையப் பேர் இருந்திருக்க வேண்டும். மனுப் பாரம் ஒன்றை எடுத்து மளமளவென்று எழுதினார். பிறகு மைப்பெட்டியைத் திறந்து, கைநாட்டு வைக்கச் சொல்லி என் பக்கம் நகர்த்தினார்.

அந்தக் கைநாட்டை வைத்திருந்தால் காரியம் சுலபமாக முடிந்திருக்கும். நான் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்தவள். லயத்தில் பாதிப் பேருக்கு ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவள் நான்தான். சப்பாத்துக்கும் பஸ்ஸுக்கும் மழைக்கும் அத்தனை நாள் என் தப்பு என்று சொல்லிவிட்டு, உண்மையிலேயே நான் செய்த ஒன்றை, தெரியாமல் நடந்தது என்று கைநாட்டு வைத்து மூடுவதா? கை முன்னால் போகவில்லை. மைப்பெட்டியை மூடிவிட்டு, மேசை மேல் இருந்த பேனாவை எடுத்தேன்.

"சாயா தாவு பாச்சா" என்றேன். எனக்குப் படிக்கத் தெரியும்.

"அம்மா, சும்மா இரு" என்றாள் மகள் தமிழில், பல்லைக் கடித்துக்கொண்டு.

அந்த அதிகாரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்புறம் ஏன்?" என்று மறுபடி கேட்டார்.

"டுவா பூடாக் சுடா மாத்தி. சாயா தாக்கூட்."

இரண்டு பிள்ளைகள் செத்துப்போயின, எனக்குப் பயம். தமிழில் யாரிடமும் நான் அதைச் சொன்னதில்லை. சொல்லத் தொடங்கினால் எங்கே நிறுத்துவது என்று தெரியாது. கடைத்தெருவில் பழகி என்னிடம் இருந்த பஜார் மலாயில் அதற்கு மேல் சொற்கள் இல்லை. அதனால் சொல்ல முடிந்தது.

நடந்தது இதுதான். இவளுக்கு முன் எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தது ஆண், பதினோரு நாள் இருந்தது. அடுத்தது பெண், மூன்று மாதம். இரண்டு தடவையும் பிள்ளை பிறந்த வாரமே, தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர் எழுதிக் கொடுத்த துண்டுக் காகிதத்தை எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் பெயர் பதிந்தோம். இரண்டு தடவையும் அதே மேசைக்குப் போய் இறப்பையும் பதிந்தோம். இரண்டாவது தடவை அங்கே இருந்தவர் புத்தகத்தைப் புரட்டி, முதலில் எழுதிய பெயரைத் தேடிக் கண்டுபிடித்து, அதன் மேல் விரலை வைத்தபடி என்னைப் பார்த்தார். அந்த விரலை என்னால் மறக்க முடியவில்லை.

மூன்றாவதாக இவள் பிறந்தாள். டிரசர் துண்டு எழுதிக் கொடுத்தார். அதை ரவிக்கைக்குள் வைத்து வீட்டுக்கு எடுத்துவந்தேன். பெயரை எழுதினால்தானே அழிப்பார்கள் என்று தோன்றிவிட்டது. அடுப்பில் போட்டேன். கணவர் கேட்டதற்கு, தோட்டத்து ஆபீஸ் கிராணியிடம் கொடுத்துப் பதிந்தாயிற்று என்றேன். ஒரு வயது ஆகட்டும், பிறகு பதியலாம் என்று நினைத்தேன். ஒரு வயது ஆனபோது, தாமதத்துக்கு அபராதம் போடுவார்கள், பொய் வெளியே வரும் என்று பயந்தேன். வருடம் கூடக் கூடப் பயமும் கூடியது. பிள்ளை நன்றாக வளர்ந்தாள். நானோ அவள் பெயரை எந்தப் புத்தகத்திலும் ஏற்றாமல் வைத்திருந்தேன்.

அந்த அதிகாரி எழுதிய பாரத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை எடுத்தார். திட்டவில்லை. அந்த இரண்டு பிள்ளைகளும் எந்த வருடம், எந்த ஸ்டேஷன் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு என் மகளிடம் விளக்கினார். அந்த இரண்டு பதிவுகளும் கிடைத்தால் நல்லது. இந்தத் தாயும் தகப்பனும் அந்தக் காலத்தில் அந்தத் தோட்டத்தில்தான் இருந்தார்கள் என்பதற்கு அதுவே அத்தாட்சி. பிறப்பைப் பார்த்தவர் ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும். அதன் பிறகு மனு மேலே போகும். நாளாகும்.

என் மகள் "யா, புவான்", "யா, புவான்" என்று, ஆமாங்கம்மா என்பதை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பாரத்தில் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்தை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். குனிந்து பார்த்தாள்.

வெளியே வந்ததும் விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். பஸ் நிற்குமிடத்தில்தான் அவளைப் பிடித்தேன்.

"எனக்கு முன்னாடி ரெண்டு பேரா?"

"ம்."

"பேரு வச்சீங்களா?"

சொன்னேன். அந்த இரண்டு பெயர்களையும் இங்கே எழுதப்போவதில்லை. அவள் இரண்டையும் வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு திடீரென்று குரல் ஏறியது.

"ஏன் சொல்லல? பதினாறு வருஷமா. கரையான்னு சொன்ன. நான் டீச்சர்கிட்ட கரையான்னு சொன்னேன். எல்லார்கிட்டயும் சொன்னேன். இதுவும் உன்னாலதான்."

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆமா. இது என்னாலதான்" என்றேன். "உன்னப் பதியச் சொல்லி டிரசர் குடுத்த துண்ட எரிச்சது நான். பொய் சொன்னது நான். உன்ன வகுப்புல நிக்க வச்சாங்கள்ல, அதுவும் என்னாலதான். ஆனா சப்பாத்து நனைஞ்சது என்னால இல்ல. நீ பஸ்ஸ விட்டது என்னால இல்ல. இனிமே அதுக்கெல்லாம் நான் தலையாட்டமாட்டேன்."

"சப்பாத்தப் பத்தி இப்ப யாரு கேட்டா?"

"நீதான் கேப்ப. வர்ற திங்கக்கிழமையே கேப்ப."

பஸ் வந்தது. இந்தத் தடவையும் அவள் முன் இருக்கையில்தான் உட்கார்ந்தாள்.

சாயங்காலம் கணவர் வந்ததும் அவரிடமும் சொன்னேன். மகள் அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வழக்கம் போலத் துண்டை எடுத்தார்.

"எங்க போறீங்க?" என்று மகள் கேட்டாள். அவரிடம் அவள் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை. "அம்மா பதிஞ்சாச்சுன்னு சொன்னா, நீங்க போயி பாக்கமாட்டீங்களா? நான் உங்க பிள்ளையும்தானே?"

அவர் கதவருகே நின்றுவிட்டார். துண்டை மறுபடி ஆணியில் மாட்டினார்.

"எனக்கும் அந்த ஸ்டேஷனுக்குப் போகப் பிடிக்கல" என்றார். "அவ பதிஞ்சிட்டேன்னு சொன்னதும், நல்லதாப் போச்சுன்னு விட்டுட்டேன்."

பதினாறு வருடம் இதை என்னிடம்கூட அவர் சொன்னதில்லை. எனக்கு அவர் மேல் கோபம்தான் வந்தது. ஆறுதலெல்லாம் வரவில்லை. அந்த வாரம் முழுக்க வீட்டில் மூன்று பேரும் ஒருவரோடு ஒருவர் தேவைக்கு மட்டும் பேசினோம்.

டிரசர் யாழ்ப்பாணத்துக்காரர். ஓய்வு பெற்று ஈப்போவிலேயே மகன் வீட்டில் இருந்தார். விலாசத்தை விசாரித்துக் கண்டுபிடித்தது என் மகள்தான். நாங்கள் போனபோது அவர் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"மூன்றாவது பிள்ளை தப்பினது எனக்கு நல்ல ஞாபகம். துண்டு எழுதிக் குடுத்தனான். பதியேல்லையோ?"

"எரிச்சிட்டேங்க" என்றேன்.

அவர் எழுந்து உள்ளே போனார். சட்டையை மாற்றிக்கொண்டு வந்து, எங்களோடு பஸ் ஏறி, சத்தியப் பிரமாணம் வாங்கும் ஆணையர் முன்னால் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். திரும்பும் வழியில் என் மகள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஏதேதோ கேட்டுக்கொண்டே வந்தாள். அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் என்ன நோய் என்று கேட்டிருக்கிறாள். ஒன்றுக்கு மஞ்சள் காமாலை, ஒன்றுக்கு வயிற்றுப்போக்கு என்று அவர் சொல்லியிருக்கிறார். அவள் வீட்டுக்கு வந்து என்னிடம், "அது நீ ஏதாச்சும் செஞ்சதாலயான்னு கேட்டேன். இல்லயாம்" என்றாள். கேட்டிருக்கிறாளே என்று எனக்குச் சுருக்கென்றது. ஆனால் நானும் அத்தனை வருடமாக யாரிடமாவது கேட்கப் பயந்த கேள்வி அதுதான். அவள் அடுத்த அறைக்குப் போன பிறகு அடுப்படியில் நின்று அழுதேன்.

தலைமையாசிரியை கொடுத்த கடிதத்தை வைத்து மூன்றாம் படிவத் தேர்வை எழுதினாள். தேர்ச்சி பெற்றாள். மனு மேலே போயிற்று, கீழே வந்தது, மறுபடி போயிற்று. ஒவ்வொரு தடவையும் வேறொரு கடிதம் கேட்டார்கள். அவளே பாரம் நிரப்பினாள்; அவளே போய் வரிசையில் நின்றாள். சில நாள் திரும்பி வந்து என்னைத் திட்டுவாள். நான் ஆமாம் என்பேன். சில நாள் குழம்பில் உப்பு அதிகம், அதனால்தான் தலைவலி என்பாள். "அது என்னால இல்ல. நீ ராத்திரி படிச்சிட்டு மூணு மணி நேரந்தான் தூங்குன" என்பேன். முறைப்பாள். சண்டை ஓயவில்லை. ஆனால் எதைப் பற்றிச் சண்டை என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

ஐந்தாம் படிவத்தோடு பள்ளி முடிந்ததும் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு மனுப் போட ஆசைப்பட்டாள். சிறு வயதிலிருந்தே அதுதான் அவள் ஆசை. குடியுரிமையைக் காட்ட நீல ஐசி வேண்டும். மனுவுக்குக் கடைசி நாள் வந்து போயிற்று. கார்டு வரவில்லை. சில மாதம் கழித்து வந்தது. அவள் அதைக் கொண்டுவந்து மேசையில் என் முன்னால் வைத்தாள். படத்தில் அவள் சிரிக்கவில்லை.

"பாத்துக்க. வந்துருச்சு" என்றாள். "என் காலேஜு போச்சு. இது உன்னாலதான்மா."

"ஆமா" என்றேன்.

அவள் இன்னும் ஏதோ எதிர்பார்த்து நின்றாள். பயத்தில் செய்தேன் என்று சொல்லலாம். அதை அவள் அறிவாள். மன்னிச்சிரு என்று சொல்லலாம். அதை முன்பு சப்பாத்துக்கெல்லாம் சொல்லிச் சொல்லி ஒன்றுமில்லாமல் ஆக்கியிருந்தேன். இருந்தும் சொன்னேன். அவள் சரி என்று சொல்லவில்லை. எனக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மலையில் வெடிச் சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து இன்னொன்று. இருவரும் கொடியில் கிடந்த துணியை எடுக்க எழுந்திருக்கவில்லை.

அடுத்த வருடம் ஒரு பாலர் பள்ளியில் அவளுக்கு உதவியாளர் வேலை கிடைத்தது. ஆசிரியை இல்லை, பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்து, பாட்டுச் சொல்லிக் கொடுக்கும் வேலை. முதல் நாள் போகுமுன் தன் சப்பாத்துக்குத் தானே வெள்ளை பூசினாள். மத்தியானம் வந்து, ஒரு குழந்தை பென்சிலைத் தொலைத்துவிட்டு, அவளைக் காட்டி டீச்சர்தான் தொலைச்சாங்க என்று அழுததைச் சொன்னாள்.

"நீ என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"நான் எடுக்கலைன்னு சொன்னேன். அப்புறம் ரெண்டு பேருமாத் தேடினோம்."

"கெடச்சுதா?"

"இல்ல" என்றாள். தட்டை எடுத்து வைத்துக்கொண்டு, எனக்கும் சேர்த்துச் சோறு போட்டாள்.